பழைய அலமாரிக்குச் சாக் பெயின்ட்: எந்தப் பொடியைக் கலப்பது?

பின்கட்டு அறையில் நிற்கும் மர அலமாரியை என்ன செய்வது என்ற பேச்சு எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. அதன் சட்டம் தேக்கு. கதவுகளில் பதித்திருப்பது பிளைவுட். பின்பலகையை எப்போதோ கரையான் அரித்துவிட, கையில் கிடைத்த மரத்தை வைத்துத் தச்சர் ஒருவர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். மேலே மூன்று அடுக்கு எனாமல் இருக்கிறது: வெளியே பச்சை, சுரண்டினால் நீலம், அதற்கும் அடியில் ஒரு காவி. விற்றால் விறகு விலைதான் கிடைக்கும் என்றாலும் சட்டம் இன்னும் ஆடாமல் நிற்பதால், அதைப் புதுப்பிப்பது என்று முடிவாயிற்று. எப்படிப் புதுப்பிப்பது என்பதில்தான் மூன்று வழிகள் எதிரே நின்றன. பழைய வண்ணத்தை முழுவதும் உரித்துப் பாலிஷ் போடலாம். மறுபடியும் எனாமலே அடிக்கலாம். அல்லது பளபளப்பில்லாமல் காயும் சாக் பெயின்டை வீட்டிலேயே கலந்து பூசலாம்.

பாலிஷ் என்பது மரத்தைக் காட்டுவதற்கான வேலை. காட்டுவதற்குத் தகுந்த மரம் இருந்தால் அதற்கு ஈடு வேறில்லை. முழுத் தேக்கிலோ தோதகத்தியிலோ செய்த பொருள் ஒன்று வீட்டில் இருக்குமானால், அதன் மேல் எந்த வண்ணத்தையும் பூசவேண்டாம் என்பதே என் கருத்து. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்குச் சாமான்களைப் பார்த்து விலை பேசுகிறவர்கள், மரத்தின் நிறத்துக்கும் ரேகைக்கும்தான் பணம் கொடுக்கிறார்கள். அதை வெள்ளைப் பூச்சுக்குள் மறைத்துவிட்டு, பின்னாளில் ரேகைக்குள் இறங்கிய வெள்ளையைத் தோண்டி எடுப்பது பெரும்பாடு. ஆனால் எங்கள் அலமாரியில் மூன்று விதமான மரம் இருக்கிறது. உரித்துப் பாலிஷ் போட்டால் அந்த மூன்றும் மூன்று நிறத்தில் தெரியும். ஆகவே அந்த வழி முதலிலேயே அடைபட்டுவிட்டது.

எனாமலை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. நன்றாகக் காய்ந்த எனாமல் பூச்சின் கடினம் வீட்டில் கலக்கும் எந்தச் சாக் பெயின்டுக்கும் வராது. ஈரத் துணியால் எத்தனை முறை துடைத்தாலும் தாங்கும். அதன் குறைகள் வேறு வகையானவை. ஒரு பூச்சு காய ஒரு பகலும் இரவும் ஆகிறது, தின்னர் வாடை வீட்டைவிட்டுப் போகப் பல நாள் பிடிக்கிறது, வெள்ளை நிறம் வெளிச்சம் படாத அறையில் நாளடைவில் மஞ்சளாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் பளபளப்பு மரத்திலுள்ள ஒவ்வொரு பள்ளத்தையும் தழும்பையும் எடுத்துக் காட்டும். பழைய சாமானில் பள்ளமும் தழும்பும்தானே மிகுதி. பளபளப்பில்லாத பூச்சு அவற்றை மறைத்துவிடும் என்பதுதான் சாக் பெயின்டின் பக்கம் என்னைச் சாய வைத்தது.

சாக் பெயின்ட் என்ற பெயரில் இந்தப் பூச்சை அறைகலன்களுக்கென்று உருவாக்கி 1990-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆனி ஸ்லோன். காய்ந்த பின் சாக்குக்கட்டியைத் தொட்டது போன்ற மென்மையும் மங்கலும் தருவதால் அந்தப் பெயர் வந்தது. அது அவருடைய வணிகப் பெயராகவும் இருக்கிறது. அவருடைய கலவையும் நாம் வீட்டில் கலப்பதும் ஒன்றல்ல. வீட்டுக் கலவை என்பது சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் எமல்ஷனில் ஒரு வெள்ளைப் பொடியைச் சேர்ப்பதுதான். எந்தப் பொடி என்பதில்தான் கருத்து வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், கால்சியம் கார்பனேட் ஆகிய சாக் பவுடர், டைல்ஸ் இடுக்குகளை அடைக்கும் மணல் சேராத கிரவுட், சமையல் சோடா என்று நான்கு பொடிகளை ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள்.

பொடி என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். எமல்ஷனில் உள்ள பிசின் காயும்போது படலமாகி நிறமித் துகள்களைப் பிணைக்கிறது. பொரி உருண்டைக்குப் பாகு எப்படியோ அப்படி. பாகின் அளவை மாற்றாமல் பொரியை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டம் வரை உருண்டை பிடிக்கும்; அதைத் தாண்டினால் பொரியும் பொரியும் தொடும் இடங்களில் மட்டும் பாகு இருக்கும், இடைவெளிகள் காலியாகிவிடும், கை பட்ட இடத்தில் உதிரும். வண்ணத்திலும் அந்தக் கட்டம் உண்டு. அதை நெருங்கும்போது மேற்பரப்பு சொரசொரப்பாகி, ஒளியைச் சிதறடித்து மங்கலாகத் தெரிகிறது. தாண்டும்போது பூச்சு நுண்துளைகள் நிறைந்ததாகி, நகம் பட்டாலே வெள்ளையாகக் கீறிக்கொள்கிறது, எண்ணெய்க் கையைத் துடைத்தது போன்ற கறையையும் உறிஞ்சிக்கொள்கிறது. நமக்குப் பிடித்த மங்கலான அழகும் பூச்சின் பலவீனமும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன என்பதால், பொடியை அள்ளிப் போடுவது கைதேர்ந்தவர் செய்யும் வேலையல்ல.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். சாக் பெயின்ட் எந்தப் பரப்பிலும் தேய்க்காமலே ஒட்டும் என்ற பேச்சை வீட்டுக் கலவைக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. ஒட்டுவது பிசின், பொடியைச் சேர்க்கும்போது பிசினின் பங்கு குறையத்தான் செய்கிறது. பளபளக்கும் பழைய எனாமலின் மீதும் சன்மைக்காவின் மீதும், பளபளப்புப் போகும் வரையாவது உப்புத்தாளால் தேய்த்த பிறகுதான் இதைப் பூச வேண்டும். சன்மைக்காவுக்கு ஒட்டுத்திறன் மிக்க பிரைமரும் வேண்டும்.

இனிப் பொடிகள். நான்கையும் ஒரே எமல்ஷனில், ஒரே பழம்பலகையின் நான்கு பகுதிகளில் பூசிப் பார்த்தேன்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. வழக்கமாகச் சொல்லும் அளவு, ஒரு டம்ளர் எமல்ஷனுக்கு மூன்றில் ஒரு டம்ளர் பொடியும், அதைக் கரைக்க அதே அளவு நீரும். ஜிப்சத்தை ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அதிலிருந்த நீரில் பெரும்பகுதியை வெளியேற்றிச் செய்த பொடி இது. நீரைக் கண்டதும் இழந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வெப்பத்தை வெளிவிட்டு, மீண்டும் ஜிப்சமாக இறுகும். இறுகும் இந்தத் தன்மைதான் இதன் பலம், இதுவே இதன் தொல்லையும். பூச்சு கனமாக நிற்கிறது, சின்னப் பள்ளங்களை நிரப்பிவிடுகிறது, உப்புத்தாளால் தேய்த்தால் வெண்ணெய் போல் வழவழப்பாகிறது. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். தனியாக நீரில் கரைத்தால் அரை மணிக்குள் கல்லாகும் பொருள், எமல்ஷனுக்குள் சற்று மெதுவாக என்றாலும், அதே வேலையைத்தான் செய்கிறது. பலகையில் அதற்கான பகுதியை இரண்டாம் முறை பூசி முடிப்பதற்குள் வாளியில் இருப்பது கெட்டிப்பட்டுத் தூரிகையில் குருணை குருணையாக வந்தது. நீர் ஊற்றித் தளர்த்தலாமே என்று தோன்றும். இறுகத் தொடங்கிய படிகங்களை உடைத்தபின் அவை மறுபடி பிணையாது, பூச்சுதான் வலுவிழக்கும். மீந்ததை மூடி வைக்கவும் முடியாது. தொட்டியில் கொட்டினால் குழாய்க்குள் இறுகிக்கொள்ளும் என்பதால், காய வைத்துக் குப்பையில்தான் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலப்பதால் முதல் கலவைக்கும் மூன்றாம் கலவைக்கும் நிறத்தில் இலேசான வேறுபாடு வருவதும் உண்டு.

சாக் பவுடர் வேறு இயல்புடையது. இது சுண்ணாம்புக் கல்லின் மாவு. வேதியியல் பெயர் கால்சியம் கார்பனேட். நீருடன் எதுவும் செய்யாமல் வெறுமனே கலந்து நிற்கும். எமல்ஷன் தயாரிப்பவர்களே விலையைக் குறைக்கவும் பளபளப்பை அடக்கவும் இதைத்தான் நெடுங்காலமாகச் சேர்த்து வருகிறார்கள், ஆகவே நாம் செய்வது அவர்கள் தொடங்கியதை இன்னும் கொஞ்சம் நீட்டுவதுதான். ஒரு டம்ளர் எமல்ஷனுக்கு மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, போதாவிட்டால் அரை டம்ளர் வரை போகலாம். முதலில் பொடியைச் சிறிது நீரில் குழைத்துப் பசையாக்கி, மெல்லிய துணியில் வடிகட்டிய பிறகு எமல்ஷனில் சேர்த்தால் கட்டி தட்டாது. காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்தால் சில வாரங்களுக்குக் கெடாமல் இருக்கிறது. அடியில் படிந்ததைக் கலக்கிவிட்டுத் தொடரலாம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டு துண்டாக வேலை செய்பவருக்கு இந்த ஒரு வசதியே போதுமானது. பள்ளத்தை நிரப்பும் ஆற்றல் பிளாஸ்டரைவிடக் குறைவு என்பது உண்மை. அதற்கு முன்கூட்டியே பட்டி வைத்துத் தேய்த்துவிடலாம்.

ஈரத்தைப் பொறுத்தும் இரண்டும் வேறுபடுகின்றன. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2 கிராம் ஜிப்சம் கரையும். சாக் பவுடர் கரைவது கிராமில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கும் வீட்டில் இது கணக்கில் கொள்ளத்தக்கது. மாறாக, புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் சாக் பவுடரை அரிக்கும், ஜிப்சத்தை அவ்வாறு அரிப்பதில்லை. சமையலறைச் சாமானாக இருந்தால் இதை நினைவில் வைக்க வேண்டும், ஆனால் மேலே காப்புப் பூச்சு இல்லாமல் சமையலறையில் எந்தச் சாக் பெயின்டையும் வைக்க முடியாது என்பதால் நடைமுறையில் பெரிய வேறுபாடு இல்லை.

கடையில் கேட்கும்போது சற்று எச்சரிக்கை வேண்டும். பிரெஞ்சு சாக் என்று கொடுப்பது டால்க் என்னும் வேறொரு கல்லின் பொடி. கோலமாவு கல்லை இடித்தது, மணல் மணலாக இருக்கும். வீட்டில் கிடக்கும் சாக்பீஸ்களைப் பொடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: நம் ஊரில் குடிசைத் தொழிலாகச் செய்யும் சாக்பீஸ்கள் பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை அச்சில் வார்த்தவை, ஏற்கெனவே இறுகி முடிந்தவை என்பதால் அவற்றின் பொடியில் பிளாஸ்டரின் பலமும் இல்லை, சாக் பவுடரின் மென்மையும் இல்லை.

கிரவுட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதில் சிமெண்ட் இருக்கிறது. ஒரு டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டாலே பூச்சு நல்ல கடினமாகிறது என்றாலும், சிமெண்டின் காரத்தன்மை தோலையும் கண்ணையும் பதம் பார்க்கும். எண்ணெய் அடிப்படையிலான பழைய எனாமலையும் அது சோப்பாக்கி இளக்கக்கூடும். எங்கள் அலமாரியில் இருப்பது எனாமல் என்பதால் அதோடு அதன் கதை முடிந்தது. சுவருக்கு அடிக்கும் நீற்றுச் சுண்ணாம்பையே கலந்தால் என்ன என்று வீட்டில் ஒரு பெரியவர் கேட்டார். அதுவும் இதே காரம்தான். தவிர, சுவர்க் காரையைப் பற்றிக்கொள்வது போல் அது மரத்தைப் பற்றிக்கொள்வதில்லை, துவர்ப்புச் சத்து மிகுந்த மரங்களைக் கருக்கவும் செய்யும்.

சமையல் சோடா நான்கிலும் கடைசி. அடுக்களையிலேயே இருக்கிறது என்பதைத் தவிர அதற்குப் பரிந்து பேச எதுவும் இல்லை. ஒரு லிட்டர் நீரில் 90 கிராமுக்கும் மேல் கரையும் உப்பு அது. எமல்ஷனில் உள்ள நீரில் ஒரு பகுதி கரைந்து, காயும்போது படிகமாகி, சொரசொரவென்று நின்றது. ஈரத் துணியால் துடைத்தபோது துணியோடு வந்தது.

ஆக, போட்டி முதல் இரண்டுக்கும் இடையில்தான். ஒரே பகலில் முடித்துவிடக்கூடிய முக்காலி, நிலைக்கண்ணாடிச் சட்டம் போன்ற சிறு பொருளுக்கு, அதிலும் வடு மிகுந்து கனமான பூச்சு வேண்டுமென்றால், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை எடுக்கலாம். அலமாரி, கட்டில், உணவு மேசை என்று பல நாள் பிடிக்கும் எதற்கும் சாக் பவுடர்தான் சரி. விலையை வைத்து முடிவெடுக்க இங்கே இடமில்லை. இரண்டில் எதை ஒரு கிலோ வாங்கினாலும் ஓட்டலில் ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது. செலவு முழுவதும் எமல்ஷனிலும் மேற்பூச்சிலும்தான் இருக்கிறது.

பொடியைவிடப் பெரிய கேள்விகள் பூச்சுக்கு அடியிலும் மேலேயும் இருப்பதைப் போகப் போகத்தான் உணர்ந்தேன். முதலாவது, பழைய எனாமலில் இருக்கக்கூடிய ஈயம். வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பச்சையிலும் மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்து அந்தத் தூளைக் கூடத்தில் பறக்க விடுவது, குழந்தைகள் உள்ள வீட்டில் செய்யத் தகாத செயல். ஈரத்தில் தேய்ப்பதற்கான உப்புத்தாளாகிய வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, வழியும் சேற்றைப் பழந்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை அலசி மீண்டும் பயன்படுத்தாமல் எறிந்துவிட வேண்டும். தூளைத் தடுக்கும் முகக்கவசத்தை இப்போது மட்டுமல்ல, பொடி கலக்கும்போதும் அணிந்துகொள்ள வேண்டும். முழுவதும் உரிக்கும் பாலிஷ் வழியை நான் கைவிட்டதற்கு மரத்தின் நிறம் ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம். நன்றாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சை அப்படியே விட்டு மூடிவிடுவது, அதைப் பொடியாக்குவதைவிடப் பாதுகாப்பானது.

இரண்டாவது, மரத்திலிருந்து ஏறிவரும் கறை. வெளிர்நிறத்தில் நீர் கலந்த எந்தப் பூச்சை வெறும் மரத்தில் அடித்தாலும், மரத்தின் சாயச்சத்து நீரில் கரைந்து மேலே வந்து பழுப்புத் திட்டுகளாக நிற்கும். தோதகத்தியில் இது மிகுதி. தேக்கில் அதோடு எண்ணெய்ப் பசையும் உண்டு, அது பூச்சை ஒட்டவிடாமல் செய்யும். எனாமல் உதிர்ந்து வெறும் தேக்கு தெரிந்த இடங்களைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து இரண்டு கை அடித்தேன். பாலிஷ் வேலைக்காரர்கள் கையில் எப்போதும் இருக்கும் அந்த அரக்குக் கரைசலே சாயம் ஏறாமல் தடுக்கும் நல்ல அணை. மேலே பாலியூரிதேன் என்னும் வார்னிஷ் வரப்போகிறது என்றால் மெழுகு நீக்கிய அரக்காகப் பார்த்து வாங்க வேண்டும்.

மேற்பூச்சுதான் மூன்றாவது. மெழுகா, வார்னிஷா? மேலைநாட்டு வழக்கம் மெழுகு. சாக் பெயின்டின் தொடுசுகம் கெடாமல் இருப்பது அதில்தான். கையால் தடவித் துணியால் தேய்க்கும்போது நிறம் சற்று ஆழமாகி உயிர் பெறுவதைப் பார்க்க எனக்கும் ஆசையாகவே இருந்தது. ஆனால் தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும். ஆவி பறக்கும் காபி டம்ளரை வைத்தால் வளையம் விழும். சித்திரை வெயில் சன்னல் வழியாக விழும் இடத்தில் இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகைக் கலந்தால் இன்னும் சற்று அதிக வெப்பத்தைத் தாங்கும் என்றாலும், எந்த மெழுகையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் புதுப்பிக்க வேண்டும். நம் வீடுகளில் துடைப்பது என்றாலே நீரில் நனைத்த துணிதான், அதிலும் சோப்புத் தூள் கலந்த நீர். அதற்கு மெழுகு ஈடுகொடுக்காது. பின்னாளில் மனம் மாறி வார்னிஷ் அடிக்கலாம் என்றாலோ, மெழுகின் மேல் வேறெதுவும் ஒட்டாது. சுரண்டி எடுத்தபின்தான் முடியும்.

நீர் கலந்த பாலியூரிதேனில் மங்கல் ரகம் என்று கேட்டு வாங்கினால், சாக் பெயின்டின் தோற்றம் முக்கால் பங்காவது தப்புகிறது. தொடும்போதுதான் பிளாஸ்டிக்கைத் தொட்ட உணர்வு இலேசாக வருகிறது. எண்ணெய் அடிப்படையிலான ரகம் இன்னும் கடினம்தான், ஆனால் வெள்ளையை மஞ்சளாக்கிவிடும், எனாமலை வேண்டாம் என்று சொன்ன காரணத்துக்கே திரும்பப் போவதாகும். எது அடித்தாலும் தொட்டால் காய்ந்திருப்பதும் உள்ளே இறுகியிருப்பதும் வேறு வேறு. இறுக மூன்று வாரங்களாவது ஆகும், அதுவரை கனமான பாத்திரங்களை ஏற்றக் கூடாது.

இவ்வளவும் ஒத்துப் பார்த்தபின் எங்கள் அலமாரிக்குக் கிடைத்த முடிவு இது. ஈரத் தேய்ப்பு, பள்ளங்களுக்குப் பட்டி, வெறும் மரத்தில் அரக்கு, சாக் பவுடர் கலந்த வெளிர்சாம்பல் எமல்ஷன் இரண்டு கை, அதன்மேல் மங்கல் பாலியூரிதேன் இரண்டு கை. வெளிப்பக்கத்துக்கு ஒரு லிட்டர் எமல்ஷன் போதுமானதாக இருந்தது. கை அதிகம் படாத மேற்சட்டத்துச் செதுக்கலில் மட்டும் பாலியூரிதேனுக்குப் பதில் மெழுகு தடவினேன், ஆசைக்கு. உட்தட்டுகளுக்குச் சாக் பெயின்ட் அடிக்கவே இல்லை. பாத்திரத்தின் அடிப்பாகம் உரசும் இடத்தில் எனாமல்தான் நிற்கும், பழைய பச்சையே அங்கே இன்னும் நன்றாக இருக்கிறது. வேலையை மாசியில் தொடங்கியது நல்லதாகப் போயிற்று. மழைக்காலத்தில் இரண்டு மணி நேரத்தில் காய வேண்டிய பூச்சு மறுநாள் காலையிலும் பிசுபிசுக்கும் என்பது, பலகையில் சோதனை நடத்திய கார்த்திகையிலேயே தெரிந்திருந்தது.